பகைவராய் வந்து படைத்தலைவரானவர்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் தெற்கே செல்லும் சாலைதான் முதலில் நினைவுக்கு வரும். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர்கள் வரிசையாக வந்து, முடிவில் சுசீந்திரமோ குமரிமுனையோ நம்மை வரவேற்கும். அவ்வழியில், தக்கலையைக் கடந்ததும் புலியூர்க்குறிச்சியில், ஒரு பழங்கோட்டை நிற்கிறது. நம்மிற் பலர் எத்தனையோ முறை அதனைக் கடந்து சென்றிருப்போம். இறங்கி உள்ளே சென்றவர் சிலரே. அதுவே உதயகிரிக் கோட்டை. டிலனாய் கோட்டை என்றும் அதனை வழங்குவர்.

நம் இல்லத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன் உண்டு. ஜப்பானியக் கோட்டைகள் மீதும் சாமுராய் வீரர் மீதும் அவனுக்குத் தீராத மோகம். அந்நாட்டிற்கு அழைத்துச் செல்ல நம்மிடம் பொருளில்லை. ஒல்லாந்தர் கப்பலில் 1600-இல் ஜப்பான் கரை சேர்ந்து, தொக்குகவா இயேயாசுவின் மதிப்பையும் மானிய நிலத்தையும் பெற்று, 1620-இல் அம்மண்ணிலேயே மறைந்த வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயரின் கதையை அவன் ஒருநாள் வியந்து கூறினான். அத்தகைய ஒருவர் நம் அண்டையிலேயே துயில்கின்றார் என்று சொல்லி, அவனை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

அவர் பெயர் யூஸ்தாக்கியுஸ் பெனடிக்டுஸ் டிலனாய். 1715-இல், இன்று பிரான்சு நாட்டில் உள்ள அராஸ் நகரில் பிறந்தவர். பிழைப்பைத் தேடி ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து கீழ்த்திசைக்கு வந்தார். அந்நாளில் மலையாளக் கரையின் மிளகுக்காக ஐரோப்பியர் போட்டியிட்டுக் கொண்டிருந்தனர். 1729-இல் வேணாட்டின் அரியணை ஏறிய அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மர், சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சிக்குள் கொணர்ந்தார். மிளகு விளையும் நிலமெல்லாம் ஒரே மன்னர் கைக்குப் போவதைக் கம்பெனியார் பொறுக்கவில்லை. இலங்கையிலிருந்து படையை அனுப்பினர். 1741-இல் அது குளச்சல் கரையில் இறங்கியது. திருவிதாங்கூர்ப் படையும் கடலோர மக்களும் எதிர்த்து நிற்க, ஒல்லாந்தர் தோற்றனர். சிறைப்பட்டோருள் டிலனாயும் ஒருவர்.

பத்மநாபபுரம் அரண்மனையில், டிலனாய் மன்னர் முன் பணிந்து நிற்பதாக ஓர் ஓவியம் உண்டு. அதில் அவர் தோற்ற படையின் தலைவராகவே காட்சியளிக்கிறார். ஆனால் அப்படையில் அவர் தலைமை ஏதும் வகித்தவரல்லர் என்பது ஒல்லாந்தர் ஆவணங்களை ஆராய்ந்தோர் கண்ட முடிவு. இது அவர் பெருமையைக் குறைப்பதாக நாம் கருதவில்லை. படைத்தலைவராய் வந்தவர் படைத்தலைவரானால் அதில் வியப்பென்ன? பெயரறியாத போர்வீரர் ஒருவரின் திறமையைச் சிறைக்கூடத்தில் கண்டுகொண்டது மன்னரின் கூர்மை. அந்நம்பிக்கைக்குத் தக நடந்தது டிலனாயின் மேன்மை.

நம் பிள்ளையோ அந்த ஓவியத்தின் முன் நின்று வேறொரு வினாவை எழுப்பினான். தோற்கடித்தவர் பக்கமே சேர்ந்து தன் பழைய தோழர்களை எதிர்ப்பவன் துரோகியல்லவா என்று கேட்டான். உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. அவனைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றோம்.

உதயகிரியில் முன்பே இருந்த அரணை, குளச்சல் போரை அடுத்த ஆண்டுகளில், டிலனாயின் மேற்பார்வையில் மார்த்தாண்ட வர்மர் கருங்கல்லால் வலுப்படுத்தினார். ஒரு குன்றையே உள்ளடக்கி ஏறத்தாழ தொண்ணூறு ஏக்கர் பரப்பைச் சுற்றி வளைக்கும் மதில் அது. உள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்களம் இயங்கியது. வாளும் வேலும் ஏந்திய வீரர்க்கு, அணிவகுத்து நிற்கவும், ஒரே ஆணையில் துப்பாக்கி சுடவும் அவர் பயிற்சி அளித்தார். அப்படை காயங்குளத்தையும் அம்பலப்புழையையும் வென்றது. வலிய கப்பித்தான் என்னும் உயர்பதவி அவரை வந்தடைந்தது. 1753-இல் மாவேலிக்கரையில், மன்னரின் செயல்களில் இனித் தலையிடுவதில்லை என்று ஒல்லாந்தர் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஒருகாலத்தில் அவருக்குக் கூலி கொடுத்தவர்களே அவர் உருவாக்கிய படைக்கு அடங்கினர்.

ஆயினும் இவ்வாழ்வு வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. அரண்மனை அலுவலராகிய நட்டாலம் நீலகண்ட பிள்ளை டிலனாயின் நண்பரானார். அவர் வாயிலாகக் கிறிஸ்தவ நெறியை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமானார். அதன்பின் சிறையும் சித்திரவதையும் அவரைத் தொடர்ந்தன. 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. தம் நெறியைத் தழுவியதற்காக நண்பர் உயிரிழந்த அதே அரசில், டிலனாய் மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் ஊழியம் செய்தார். இதனை நாம் நியாயப்படுத்தவும் முற்படவில்லை, பழிக்கவும் முற்படவில்லை. பிறர் மண்ணில் உயர்ந்தவனுக்கும் அவன் கை எட்டாத இடம் ஒன்று உண்டு என்பதை மட்டும் கண்டோம்.

1758-இல் மார்த்தாண்ட வர்மர் மறைந்தபின், தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மரிடமும் அவர் பணி தொடர்ந்தது. கடற்கரையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் நோக்கி நீண்ட நெடுங்கோட்டையை அமைத்ததும், குமரிக்கு அருகே வட்டக்கோட்டையைப் புதுப்பித்ததும் அவருடைய பணிகளே. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் படையெடுத்தபோது நெடுங்கோட்டை முதல் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியது. அடுத்த ஆண்டே அது வீழ்ந்தது.

உதயகிரிக் கோட்டை இன்று தமிழ்நாடு வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக இருக்கிறது. மரநிழலில் நடந்து சென்றால் கூரையற்ற சிறு தேவாலயம் ஒன்று தோன்றும். 1777 ஜூன் முதல் நாள் மறைந்த டிலனாய் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அருகே மனைவி மார்கரெட்டின் கல்லறை. மகன் யோவானின் கல்லறை. 1765-இல் களக்காட்டுப் போரில் உயிர்நீத்தபோது அம்மகனுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை என்று நாம் கூறியதும் நம் பிள்ளையின் முகம் மாறிற்று. வாள்வீச்சும் வெற்றி முழக்கமுமாகவே போரை அறிந்திருந்த அவன், தன்னினும் சில ஆண்டுகளே மூத்த ஒருவனின் கல்லின் முன் நெடுநேரம் பேசாது நின்றான்.

டிலனாயின் கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் மன்னர்க்கு உண்மையாக ஊழியம் செய்தவர் என்பது அதன் சாரம். தான் பிறந்த மொழி அதில் இல்லை. வழிபாட்டின் மொழியும், வாழ்ந்த மண்ணின் மொழியுமே உள்ளன. அரண்மனையில் கேட்ட வினாவுக்கு விடை அங்கே கிடைத்தது. கூலிக்காகச் சேர்ந்த கம்பெனியை அவர் விட்டார். பிறவியோடு வந்த நெறியை விடவில்லை. ஏற்றுக்கொண்ட பணியில் குறை வைக்கவில்லை. அதற்காக நண்பனையும் மகனையும் இழந்தார். துரோகி என்ற சொல்லைத் திரும்பும் வழியில் நம் பிள்ளை மறுபடி உச்சரிக்கவில்லை.

1956 நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது டிலனாயின் கோட்டை எல்லைக்கு அப்பால் சென்றது. அவர் பணிபுரிந்த அரசின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்து அரண்மனையோ, தமிழக மண்ணில் இருந்தும், கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. எல்லைகள் இப்படி மாறும். எம்மொழி பேசுவது, எம்மண்ணுக்கு உழைப்பது என்னும் கேள்வி இந்நகரில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. இரண்டுக்கும் ஒரே கல்லில் இடமுண்டு என்பதை அடுத்த விடுமுறையில் அவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.