தொண்டே தவமாக வாழ்ந்த தக்கர் பாபா

ஒரு மாநகரம் தன் குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதை அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் அறிவதில்லை. அதை அள்ளிச் செல்லும் கைகள் யாருடையவை என்பதையும் அவர்கள் அறிவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய் மாநகராட்சியில் பணியாற்றிய ஒரு பொறியாளர் இவ்விரண்டையும் நாள்தோறும் கண்டார். கண்டதை மறந்துவிட்டு வாழ அவரால் இயலவில்லை. அவரே பிற்காலத்தில் தக்கர் பாபா என்று நாடெங்கும் அன்போடு அழைக்கப்பெற்ற அம்ரித்லால் விட்டல்தாஸ் தக்கர்.

இளமையும் கல்வியும்

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள பாவ்நகரில் 1869-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் அம்ரித்லால் பிறந்தார். தந்தை விட்டல்தாஸ் லோஹாணா வணிகர் குலத்தைச் சேர்ந்தவர். வருவாய் குறைவு, மனமோ பெரிது. தம் சமூகத்துப் பிள்ளைகள் நகரில் தங்கிப் படிப்பதற்கு ஒரு விடுதி அமையப் பாடுபட்டவர். பிறருக்காகச் செலவிடும் நேரம் வீணாகாது என்னும் பாடத்தை மகன் முதலில் கற்றது வீட்டிலேதான்.

1886-இல் மெட்ரிகுலேஷன் தேறிய அம்ரித்லால், புனே பொறியியல் கல்லூரியில் பயின்று 1890-இல் பொறியாளராக வெளிவந்தார். இருப்புப்பாதைப் பணிகளிலும் சமஸ்தானங்களிலும் வேலை பார்த்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் அப்போது அமைக்கப்பட்டு வந்த உகாண்டா ரயில்வேயிலும் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். திரும்பி வந்தபின் சாங்லி சமஸ்தானத்தில் இருந்தபோது, கோபால கிருஷ்ண கோகலே, மகளிர் கல்விக்குத் தம்மையே அளித்த கார்வே ஆகியோரின் அறிமுகம் கிடைத்தது. அதன் பிறகே பம்பாய் மாநகராட்சியின் வேலை அவரைத் தேடி வந்தது.

குப்பை வண்டியின் தடத்தில்

அன்றைய பம்பாய் அச்சத்திலிருந்து அப்போதுதான் மீண்டு வந்த நகரம். 1896-இல் பரவிய பிளேக் நோய் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். அதன் பின்னரே ஆட்சியாளர்கள் நகரின் நெரிசலையும் அசுத்தத்தையும் பற்றிக் கவலைகொண்டனர். 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது. தாதர், மாதுங்கா போன்ற பகுதிகள் அகன்ற தெருக்களோடு பின்னர் உருவானது அதன் திட்டத்தால்தான். மறுபுறம், நகரத்தின் குப்பையை ரயிலில் ஏற்றிச் செம்பூர்ப் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் கொட்டுவதென முடிவாயிற்று. தாராவியில் தோல் பதனிடும் கிடங்குகள் இருந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற நம் மக்கள் பலர் அங்கேதான் வேலை செய்தார்கள். நகரம் வேண்டாமென ஒதுக்கிய வேலைகளும், அவற்றைச் செய்த மனிதர்களும் இவ்வாறு நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டனர்.

குப்பை ஏற்றிச் சென்ற அந்தச் சிறு ரயில் பாதையின் மேற்பார்வை தக்கரின் பொறுப்பில் இருந்தது. பாதையும் வண்டியும் ஒழுங்காக இயங்கினால் அவருடைய கடமை முடிந்தது. எனினும் வண்டியில் குப்பையை ஏற்றி இறக்கியவர்களின் குடியிருப்பு அவர் கண்களை விட்டு அகலவில்லை. காற்றும் வெளிச்சமும் புகாத இருப்பிடங்கள். ஊரைத் தூய்மை செய்பவர்களுக்குக் குளிப்பதற்கும் குடிப்பதற்கும் போதிய நீர் இல்லை. அவர்களுள் பலர் குஜராத்திலிருந்து வந்தவர்கள். தக்கரின் தாய்மொழியையே பேசியவர்கள். அவர்களை அந்நியர் என்று எண்ணிக் கடந்துபோக அவருக்கு வழியில்லை.

பழகப் பழக மற்றோர் உண்மை புலப்பட்டது. அவர்களைப் பிணித்திருந்தது தீண்டாமை மட்டுமன்று, கடனும்தான். திருமணம், நோய், இறப்பு என்று ஏதேனும் ஒன்று வந்தால் வட்டிக்கு விடுவோரிடம் கையேந்த வேண்டும். சம்பளத்தின் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். இத்தகைய வீட்டிற்கு ஒரு நாள் உணவோ உடையோ கொடுப்பதால் என்ன பயன்? பொறியாளருக்கு இது விளங்கிற்று. நீர் கசியும் இடத்தை அடைக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பவன் ஓயமாட்டான்; தரையும் உலராது.

வேலையைத் துறந்தார்

அக்காலத்தில் பம்பாயில் தொண்டுள்ளம் கொண்டோர் பலர் அமைப்பாகக் கூடிப் பணிபுரியத் தொடங்கியிருந்தனர். விட்டல் ராம்ஜி ஷிண்டே 1906-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கிப் பள்ளிகள் நடத்தினார். கோகலே 1905-இல் புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அதில் சேர்பவர்கள் சொந்த வருவாயை விட்டுவிட்டு, சங்கம் தரும் சிறு தொகையில் வாழ்ந்து, நாட்டுப்பணிக்கே ஆயுளை அளிக்க வேண்டும். 1911-இல் நா. ம. ஜோஷி தொடங்கிய சமூக சேவை லீக் தொழிலாளர் குடியிருப்புகளில் படிப்பகங்களையும் இரவுப் பள்ளிகளையும் நடத்தியது.

ஷிண்டேயின் பணியில் துணைநின்ற தக்கருக்கு, ஓய்வு நேரத்துத் தொண்டு போதவில்லை. 1914-இல் நல்ல சம்பளம் தந்த பொறியாளர் பதவியைத் துறந்து இந்திய ஊழியர் சங்கத்தில் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 44. பலர் ஓய்வுக்காலத்தைக் கணக்கிடத் தொடங்கும் வயதில் அவர் புதியதொரு வாழ்வைத் தொடங்கினார்.

முதலில் அவர் திரும்பிச் சென்றது, தாம் முன்பு கண்ட அந்தத் துப்புரவுத் தொழிலாளர்களிடம்தான். அவர்களுக்கெனக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைத் தொடங்கினார். 1904, 1912 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இதற்கு வழி திறந்திருந்தன. உறுப்பினர் ஒவ்வொருவரும் சிறு தொகை சேர்ப்பார்; ஒருவருக்கு மற்றவர் பிணை நிற்பார்; சங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும்; அவரவர் சக்திக்கேற்பத் தவணைகளில் அதைத் திருப்பிச் செலுத்துவார்கள். கேட்பதற்கு இது எளிய ஏற்பாடு. ஆனால் யாரும் நம்பிக் கடன் கொடுக்காத மனிதரை அவருடைய அண்டை வீட்டாரே நம்பினார்கள் என்பதுதான் இதன் உட்பொருள். தானம் பெறுபவர் தலை குனிகிறார். தம் சங்கத்தில் கடன் பெற்றுத் திருப்பிச் செலுத்துபவர் நிமிர்ந்து நிற்கிறார்.

ஆசிரமத்திற்கு ஒரு சோதனை

1915-இல் காந்தியடிகள் ஆமதாபாத் அருகே கோச்ரப்பில் ஆசிரமம் தொடங்கியிருந்தார். சில மாதங்களில் தக்கரிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. தீண்டத்தகாதவர் எனக் கருதப்பட்ட ஓர் எளிய குடும்பம் ஆசிரமத்தில் சேர விரும்புகிறது, ஏற்க இயலுமா என்று அவர் கேட்டிருந்தார். அக்குடும்பத்தின் தலைவர் தூதாபாய், பம்பாயில் ஆசிரியராக இருந்தவர். அவரும், மனைவி தானிபென்னும், தத்தித் தத்தி நடக்கும் குழந்தை லட்சுமியும் ஆசிரமத்திற்கு வந்து சேர்ந்தனர்.

உடனே புயல் எழுந்தது. கிணற்றில் நீர் இறைக்கத் தடை வந்தது. ஆசிரமத்தார் வசைமொழிகளைப் பொறுத்துக்கொண்டனர். உதவி செய்து வந்த செல்வர்கள் கையை மூடிக்கொண்டனர். ஆசிரமத்தை மூடிவிட்டுத் தீண்டத்தகாதோர் குடியிருப்புக்கே போய் வாழலாம் என்று காந்தியடிகள் எண்ணும் நிலை வந்தது. அவ்வேளையில் அதிகம் அறிமுகமில்லாத செல்வர் ஒருவர் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துச் சென்றார். ஆசிரமம் பிழைத்தது. தக்கரின் கடிதம் சில வரிகளே கொண்டது. ஆயினும் சொல்லும் செயலும் ஒன்றாக இருக்குமா என்று தேசத்தையே கேட்ட கடிதம் அது.

மலைவாழ் மக்களின் தந்தை

பஞ்சம், வெள்ளம் என்று எங்கே துயர் நேர்ந்தாலும் இந்திய ஊழியர் சங்கம் தக்கரை அங்கே அனுப்பியது. 1918-இல் கேடா மாவட்ட விவசாயிகளின் நிலையை நேரில் ஆராய்ந்து கூறியவர்களில் அவரும் ஒருவர். பஞ்ச நிவாரணத்திற்காகச் சென்ற பஞ்சமஹால் பகுதியில் பீல் பழங்குடியினரின் வறுமையைக் கண்டபோது, நிவாரணம் முடிந்ததும் திரும்பிவிட அவர் மனம் ஒப்பவில்லை. 1922-இல் தாஹோத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பீல் சேவா மண்டலை நிறுவினார். பள்ளிகள், விடுதிகள், மருந்தகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் எனப் பம்பாயில் கற்ற பாடம் காட்டுப்புறத்தில் விரிந்தது. குஜராத்தியில் தந்தையைக் குறிக்கும் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அம்ரித்லால் தக்கர் பாபா ஆனார்.

அம்பேத்கர் எழுப்பிய கேள்வி

1932 செப்டம்பரில் புனே ஒப்பந்தம் ஏற்பட்டது. அம்மாதம் 30-ஆம் நாள் பம்பாயில் மதன் மோகன் மாளவியா தலைமையில் நடந்த கூட்டத்தில் தீண்டாமை ஒழிப்புக்கென ஓர் அகில இந்திய அமைப்பு தொடங்கப்பெற்றது. பின்னர் ஹரிஜன சேவக சங்கம் என்று பெயர் பெற்ற அதற்கு கன்ஷியாம்தாஸ் பிர்லா தலைவரானார். தக்கர் பாபா பொதுச் செயலாளரானார். அப்பெயரை அம்மக்களில் பலர் அன்றே ஏற்கவில்லை. இன்று அது வழக்கொழிந்துவிட்டது.

அதே ஆண்டு நவம்பரில், வட்டமேசை மாநாட்டிற்காகக் கப்பலில் லண்டன் சென்றுகொண்டிருந்த டாக்டர் அம்பேத்கர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பள்ளி, படிப்பகம், கூட்டுறவு என்று தனிமனிதர்களை உயர்த்தும் பணிகளோடு நின்றுவிடக் கூடாது; பொதுக் கிணறு, பள்ளிக்கூடம், ஊர்ப் பொதுவிடம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் சம உரிமைக்காகச் சங்கம் போராட வேண்டும்; ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்தே ஊழியர்கள் வரவேண்டும் என்பது அதன் சாரம். சங்கம் அவ்வழியை முதன்மையாகக் கொள்ளவில்லை. தீண்டாமை உயர்சாதியினர் செய்த பாவம், அதற்குக் கழுவாயும் அவர்களே செய்ய வேண்டும் என்பது காந்தியடிகளின் நிலை. அம்பேத்கர் சங்கத்திலிருந்து விலகினார்.

தொண்டு நிறுவனம் ஒவ்வொன்றின் முன்னும் அக்கேள்வி இன்றும் நிற்கிறது. யாருக்காகத் தொண்டு நடக்கிறதோ, அவர்களுக்கு அதில் உரிமை உண்டா? பெறுபவராக மட்டுமே அவர்கள் இருப்பது போதுமா? தக்கர் பாபாவின் தொடக்கக் காலக் கூட்டுறவுச் சங்கங்களில் தொழிலாளர்களே உறுப்பினர்களாக இருந்தார்கள் என்பதை இங்கே நினைவுகூர்வது தகும்.

1933 நவம்பர் முதல் 1934-இன் நடுப்பகுதிவரை காந்தியடிகள் நாடு முழுவதும் தீண்டாமை ஒழிப்புப் பயணம் மேற்கொண்டார். அதற்கு ஏற்பாடு செய்து உடன் சென்றவர் தக்கர். தமிழகத்தின் ஊர்களும் அப்பயணத்தில் இடம்பெற்றன. திரட்டிய நிதி சுமார் எட்டு லட்சம் ரூபாய். பொதுப்பணத்தின் கணக்கில் அவர் மிகுந்த கண்டிப்புக் காட்டியவர்.

இறுதி ஆண்டுகள்

முதுமை அவருடைய பயணங்களைக் குறைக்கவில்லை. கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு நிதியின் செயலாளராகப் பணிபுரிந்தார். 1947-இல், 77 வயதில், கலவரத்தால் குலைந்திருந்த கிழக்கு வங்காளத்தின் ஹைம்சார் கிராமத்தில் தங்கி மக்களின் அச்சத்தைத் தணித்தார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்து, பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளை ஆராய்ந்த துணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1948-இல் பாரதிய ஆதிமஜாதி சேவக் சங்கத்தை நிறுவினார். அவருடைய 80-ஆம் பிறந்தநாள் மலர் 1949-இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. 1951 ஜனவரியில் அவர் வாழ்வு நிறைவுற்றது.

சென்னைத் தியாகராய நகரில் காந்தியடிகள் 1946-இல் அடிக்கல் நாட்டிய தக்கர் பாபா வித்யாலயம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது; எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வி தந்த இடம் அது. மும்பையில், ஒருகாலத்தில் குப்பை வண்டி சென்ற செம்பூர், குர்லா பகுதியிலேயே தக்கர் பாபா காலனி இருக்கிறது. குறுகிய சந்துகளில் காலணி தைக்கும் சிறு பட்டறைகள் நிறைந்த இடம். தோலை வெட்டித் தைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே தங்கள் உழைப்பால் வாழ்கின்றன.

துப்புரவுத் தொழிலாளர் இன்றும் நம் நகரங்களில் விடியுமுன் எழுகிறார்கள். கைகளால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தபின்னும் கழிவுநீர்க் குழிகளில் உயிர்கள் போகின்றன. நம் தெருவைப் பெருக்குபவரின் பெயரை நாம் அறிவோமா? அவருக்குக் கடன் உண்டா, அவர் வீட்டில் தண்ணீர் வருகிறதா, அவர் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்பதை எப்போதேனும் கேட்டிருக்கிறோமா? தக்கர் பாபாவின் நெடிய தொண்டு இத்தகைய சிறு கேள்விகளிலிருந்துதான் தொடங்கியது. அவற்றைக் கேட்பதற்கு யாரும் பதவி துறக்க வேண்டியதில்லை. நின்று பார்க்கும் மனம் இருந்தால் போதும்.