திவான் சேஷாத்ரி ஐயரும் இரண்டு ஆறுகளும்

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், நம் ஊரைச் சொல்லும்போதே ஓர் ஆற்றின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கமுடையோம். ஒருவர் தாமிரவருணிக் கரையினர். ஒருவர் பாலாற்றுக் கரையினர். காவிரிக் கரையினரோ பலர். ஆனால், நாள்தோறும் குழாயைத் திறந்து நாம் பருகும் நீர் எந்த ஆற்றினது என்று எண்ணிப் பார்ப்போர் நம்மில் சிலரே. இந்நகருக்குக் குழாய் வழியே ஆற்றுநீர் வருவதற்கு வழி செய்த பெருந்தகையும் நம்மைப் போல் வெளியிலிருந்து வந்த தமிழரே. அவர்தாம் மைசூர்த் திவான் ஸர் கே. சேஷாத்ரி ஐயர்.

கல்பாத்தி ஆறு ஓடும் பாலக்காட்டில், குமாரபுரம் அக்கிரகாரத்தில், 1845 ஜூன் 1-ஆம் நாள் அவர் பிறந்தார். கள்ளிக்கோட்டையிலும் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் பயின்று, 1868-இல் மைசூர் அரசின் பணியில் சேர்ந்தார். எட்டாண்டுகள் கழியுமுன் பெரும் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை மழை பொய்த்து, ஏரிகள் வறண்டு, மைசூர் நாட்டில் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் மாண்டனர். ஏரியை மட்டும் நம்பியிருந்த நாட்டின் நிலையை அவர் அருகிலிருந்தே கண்டார்.

திவான் ரங்காசார்லு 1883-இல் காலமாகவே, அப்பதவி சேஷாத்ரி ஐயரை அடைந்தது. பதினெட்டு ஆண்டுகள் அப்பொறுப்பை அவர் வகித்தார். அந்நாளில் பெங்களூர் மக்கள் தர்மாம்புதி, சம்பங்கி, அல்சூர் முதலிய ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி வாழ்ந்தனர். இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்குமிடமே அன்றைய தர்மாம்புதி ஏரி என்றால் நம் குழந்தைகள் வியப்பர். நந்தி மலையில் தோன்றும் அர்க்காவதி ஆற்றை ஹெசரகட்டாவில் தேக்கி, நீராவி இயந்திரங்களால் நீரை மேலேற்றி, நகருக்கு அனுப்பும் பணி 1894-இல் மேற்கொள்ளப் பெற்றது. 1896-இல் குழாய்களில் நீர் வந்தது. சிற்றாறே ஆயினும் அர்க்காவதி இந்நகரின் தாகம் தீர்த்தது.

அவர் கருத்தைக் கவர்ந்த மற்றோர் ஆறு காவிரி. சிவசமுத்திரத்தில் அது அருவியாய் வீழும் வேகத்தை மின்சாரமாக்கி, 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்குக் கம்பி வழியே அனுப்பத் திட்டமிட்டார். அந்நாளில் உலகின் மிக நீண்ட மின் தடங்களுள் அஃது ஒன்று. இத்திட்டத்தில் நாம் ஊன்றி நோக்கத்தக்க சிறப்பு ஒன்றுண்டு. சக்கரங்களைச் சுழற்றிய நீர் குறையாமலும் கெடாமலும் மீண்டும் ஆற்றிலேயே சேர்ந்தது. ஆற்றுநீர் பற்றிச் சென்னைக்கும் மைசூருக்கும் 1892-இல்தான் ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தது. பங்கீட்டில் பிணக்கு வளரவிருந்த ஆற்றினிடம் ஆற்றலை மட்டும் பெற்று, நீரைத் திருப்பி அளித்த வழி இது.

அவர் வாழ்வு புகழுரைகளால் மட்டும் நிறைந்ததன்று. வெளியாரை உயர்பதவிகளில் அமர்த்துகிறார் என்று மைசூர் மக்களில் ஒரு சாரார் மனம் வருந்தினர். அம்மனக்குறையை அடியோடு பொய்யென ஒதுக்க நாம் விரும்பவில்லை. புகுந்த நாட்டில் உயர்வு பெறுவோர், அந்நாட்டாரின் மனத்தையும் அறிந்து நடத்தல் வேண்டும் என்பதே நாம் அதிலிருந்து கொள்ளும் பாடம்.

உடல் நலிந்து 1901-இல் பதவி விலகிய அவர், அவ்வாண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் மறைந்தார். 1902 ஜூன் 30-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் தங்கவயலை அடைந்தது. 1905-இல் பெங்களூர்த் தெருக்களில் விளக்கெரிந்தது. இரண்டையும் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நகரம் வளர்ந்தது, ஹெசரகட்டா போதவில்லை. 1933-இல் திப்பகொண்டனஹள்ளியிலும் அர்க்காவதி தேக்கப்பட்டது. 1974 முதல், சிவசமுத்திரத்தை ஒட்டிய பகுதியிலிருந்தே காவிரி நீர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் கடந்து, மேடேறி, நம் இல்லங்களுக்கு வருகிறது. நாம் அதனை எவ்வாறு திருப்பி அனுப்புகிறோம்? நம் குளியலறை நீரும் சமையலறை நீரும் சாக்கடையாகி விருஷபாவதியில் கலக்கின்றன. விருஷபாவதி அர்க்காவதியிலும், அர்க்காவதி கனகபுரத்துக்கு அப்பால் சங்கமத்தில் காவிரியிலும் சேர்கின்றன. அங்கிருந்து ஒகேனக்கலும் மேட்டூரும் வெகு தொலைவில் இல்லை. ஆக, நாம் இங்கே கழிப்பது நம் சுற்றத்தார் வாழும் கரையை நோக்கியே செல்கிறது. காவிரியால் இரு மாநிலத்தாரிடையே மனக்கசப்பு மூண்ட 1991-ஆம் ஆண்டையும் 2016-ஆம் ஆண்டையும் நாம் மறந்திலோம். எவர்க்கு எத்துணை நீர் என்பதை நீதிமன்றங்கள் வகுக்கலாம். ஆற்றைத் தூயதாய் வைத்தலோ இரு சாரார்க்கும் பொதுவான அறம்.

கப்பன் பூங்காவில், செந்நிற நூலகக் கட்டிடத்தின் முன்னே சேஷாத்ரி ஐயரின் சிலை நிற்கிறது. விடுமுறை நாளொன்றில் நம் மக்களை அங்கு அழைத்துச் செல்வோமாக. பிறந்த ஊரின் ஆற்றை நினைப்பது இயல்பு. குடிநீர் தரும் ஆற்றைப் பேணுவது கடன். அக்கடனை நம் காலனியின் கழிவுநீர்க் கால்வாயிலிருந்தே தொடங்குவோமாக.