மர்ஹூம் மஹ்பூப் அலீ கானும் மூசி வெள்ளமும்

நமது கள்ளிக்குப்பத்துக்கு அருகிலேயே அம்பத்தூர் ஏரி இருக்கிறது. அது நிரம்பி மறுகால் போனால் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லும். மேல் ஏரியின் கரையே உடைந்துவிட்டால் கீழ் ஏரியின் கதி என்ன? ஐப்பசி அடைமழையில் இதை எண்ணும்போதெல்லாம் ஹைதராபாத்தின் ஆறாவது நிஜாம் மர்ஹூம் மீர் மஹ்பூப் அலீ கான் அவர்களின் நினைவு வரும்.

1866-ல் பிறந்த அவர்கள், மூன்று வயது நிரம்புமுன்பே 1869-ல் அரசுரிமை பெற்றார்கள். அறிஞர் ஸாலார் ஜங் முதலியோர் ஆட்சியைக் கவனித்து வந்தனர். 1884-ல் பொறுப்பு முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது. ஆடம்பரப் பிரியர்தாம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் குடிமக்கள் அவர்களை உயிராக நேசித்தனர்.

1908 செப்டம்பர் 28. ரமலான் பிறை கண்டு ஓரிரு நாட்களே ஆகியிருந்தன. மூசி நதி கரைபுரண்டு நகரத்துக்குள் புகுந்தது. அஃப்ஸல்கஞ்ச் ஆஸ்பத்திரி அடித்துச் செல்லப்பட்டது. அங்கிருந்த புளிய மரத்தில் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் உயிர் தப்பினர். மாண்டவர்கள் 10,000-க்கும் மேல் என்பர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நிஜாம் அவர்கள் அரண்மனைக் கதவுகளைத் திறந்துவிட்டு, வீடிழந்தோருக்கு உணவும் இடமும் அளித்தார்கள். இதைப் பலரும் புகழ்வர். எனக்கோ, அதற்குப் பிறகு செய்ததே பெரிதாகத் தோன்றுகிறது. அல்லாஹ்வின் நாட்டம் என்று கூறி அவர்கள் கணக்கை மூடிவிடவில்லை. நீரில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டுதான். அதனால் கரையைக் கவனியாது விட்டவரின் பொறுப்பு நீங்கிவிடுமா?

இப்படி ஒரு வெள்ளம் ஏன் வந்தது, இனி வராமல் காப்பது எப்படி என்று ஆராய, பொறியாளர் விசுவேசுவரய்யாவை 1909-ல் நிஜாமின் அரசு வரவழைத்தது. அவர் மழைக் கணக்குகளைத் திரட்டினார். நதிக்கு மேலே இருந்த ஏரிகளை எண்ணினார். மொத்தம் 788; அவற்றுள் 221 உடைந்திருந்தன! மழை மட்டும் ஊரை அழிக்கவில்லை. ஓர் ஏரியின் கரை உடைய, அந்த நீர் அடுத்த ஏரியை உடைத்திருக்கிறது. நகருக்கு மேலே இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டி வெள்ளத்தைத் தடுக்க வேண்டும் என்பது அவர் தந்த யோசனை.

அவை எழுவதைக் காண நிஜாம் அவர்களுக்கு ஆயுள் இல்லை. 1911 ஆகஸ்டில், 45 வயதில் வஃபாத்தாகி மக்கா மஸ்ஜிதில் அடக்கமானார்கள். அவர்கள் மகன் மீர் உஸ்மான் அலீ கான் காலத்தில், 1920-ல் உஸ்மான் ஸாகரும் 1927-ல் ஹிமாயத் ஸாகரும் கட்டி முடிக்கப்பட்டன.