மதிய இடைவேளையில் ஒரு பியானோ: மைரா ஹெஸ்



மாலை ஆறு மணிக்கு நம் வளாகத்துக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு பால்கனியிலிருந்து கீபோர்டு பழகும் சத்தம் நிச்சயம் காதில் விழும். பழகும் பிள்ளைகளுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்து, இந்த இதழில் ஒரு பியானோ கலைஞரின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறோம்.

மைரா ஹெஸ் 1890 பிப்ரவரி 25 அன்று லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பியானோ பழகத் தொடங்கி, பிறகு உதவித்தொகை பெற்று ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த குரு டோபியாஸ் மாத்தே. 1907இல், 17 வயதில், லண்டன் குயின்ஸ் ஹாலில் அரங்கேற்றம். தாமஸ் பீச்சம் இசைக்குழுவை நடத்த, பீத்தோவனின் நான்காவது பியானோ கான்செர்ட்டோவை வாசித்தார்.

அரங்கேற்றம் நன்றாக நடந்துவிட்டால் வாய்ப்புகள் தானாக வரும் என்று நினைக்கிறீர்களா? அவருக்கு வரவில்லை. பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைத்தார். 1922இல் அமெரிக்கா சென்று வாசித்த பிறகுதான் பெரும் புகழ் கிடைத்தது. பாக் எழுதிய ஒரு தேவாலயப் பாடலைப் பியானோவுக்கு ஏற்றபடி அவர் மாற்றி அமைத்தார். 1926இல் அச்சில் வந்த அந்தச் சிறு படைப்பை இன்றும் உலகெங்கும் வாசிக்கிறார்கள்.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. குண்டுவீச்சுக்கு அஞ்சி திரையரங்குகள், நாடக அரங்குகள், இசை அரங்குகள் எல்லாவற்றையும் அரசு மூடியது. டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நேஷனல் கேலரியின் ஓவியங்கள் பத்திரமாக வெளியூர்களுக்குப் போய்விட்டன. நகரத்தின் நடுவில் பெரிய கட்டடம், உள்ளே வெறும் சுவர்கள். இரவில் முழு இருட்டடிப்பு. மக்கள் வேலைக்குப் போவார்கள், வீடு திரும்புவார்கள், அவ்வளவுதான்.

அப்போது மைராவுக்கு 49 வயது. திட்டமிட்டிருந்த அமெரிக்கப் பயணத்தைக் கைவிட்டு லண்டனிலேயே தங்கினார். கேலரியின் இயக்குநர் கென்னத் கிளார்க்கைச் சந்தித்து, காலியாகக் கிடக்கும் அறையில் எப்போதாவது ஒரு கச்சேரி நடத்தலாமா என்று கேட்டார். எப்போதாவது எதற்கு, தினமும் நடத்துங்கள் என்றார் கிளார்க்.

1939 அக்டோபர் 10, மதியம் ஒரு மணி. யாரும் வராமல் போனால் அந்தச் சங்கடம் தன்னோடு போகட்டும் என்று முதல் நிகழ்ச்சியில் மைராவே வாசித்தார். சில நண்பர்களாவது வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் சுமார் ஆயிரம் பேர் திரண்டார்கள். இடமில்லாமல் திரும்பிப் போனவர்கள் பலர்.

நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். திங்கள் முதல் வெள்ளி வரை, அலுவலகங்களின் மதிய இடைவேளையில். குமாஸ்தாக்களும் செவிலியர்களும் சீருடையில் இருந்த சிப்பாய்களும் வந்து கேட்டார்கள். பசியோடு வருபவர்களுக்காகத் தன்னார்வலர்கள் நடத்திய கேண்டீனில் சாண்ட்விச் கிடைத்தது. வாசிக்க வந்தவர்களுக்கு, பெரிய பெயர், புதிய பெயர் என்ற பேதமில்லாமல் ஒரே சன்மானம். மைரா மட்டும் தனக்கென்று எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. மிஞ்சிய பணம் கஷ்டப்படும் இசைக் கலைஞர்களுக்கான நிதிக்குப் போனது.

அங்கே என்ன வாசித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் நாளிலேயே பாக், பீத்தோவன். ஜெர்மனியோடு போர் நடக்கும்போது, ஒரு யூதப் பெண் ஜெர்மன் இசையை மேடையேற்றினார். ஹிட்லருக்கு முன்பே பிறந்த அந்த இசை ஹிட்லருக்குச் சொந்தமல்ல என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கேட்க வந்தவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

1940இல் லண்டன் மீது குண்டுமழை தொடங்கியதும் கச்சேரி கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கியது. ஒருமுறை கேலரியிலேயே வெடிக்காத குண்டு ஒன்று கிடந்தபோது, தூரத்தில் இருந்த வேறு அறைக்கு நிகழ்ச்சியை மாற்றினார்களே தவிர, ரத்து செய்யவில்லை. மைரா அரங்கேறிய குயின்ஸ் ஹால் 1941 மே மாதம் குண்டுவீச்சில் எரிந்து அழிந்தது. அதே ஆண்டு அவருக்கு 'டேம்' பட்டம் வழங்கப்பட்டது.

1946 ஏப்ரல் 10 அன்று இந்தத் தொடர் முடிந்தபோது கணக்கு இது: ஆறரை ஆண்டுகள், 1,698 கச்சேரிகள், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள். அவற்றில் சுமார் 150 கச்சேரிகளில் மைராவே வாசித்தார். போர் முடிந்த பிறகும் தொடர வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் ஓவியங்கள் திரும்பி வந்ததால் கேலரி பழைய வேலைக்குத் திரும்பியது. அந்த வருத்தம் அவருக்கு இருந்தது.

அதன்பின் மீண்டும் வெளிநாட்டுப் பயணங்கள், பெரிய மேடைகள். உடல்நலம் குன்றியதால் 1961இல் மேடையிலிருந்து விலகினார். 1965 நவம்பர் 25 அன்று காலமானார்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு யூடியூபில் மைரா ஹெஸ் என்று தேடுங்கள். அவரே வாசித்த அந்த பாக் இசையைக் கேளுங்கள். நாலு நிமிடம்கூட ஆகாது. இசை ஞானம் எதுவும் தேவையில்லை. அன்று மதிய இடைவேளையில் வந்து உட்கார்ந்தவர்களில் பலருக்கும் அது இருந்திருக்காது.