கொடுமுடி தந்த இசைக்குயில்

நெய்வேலி என்றவுடன் பழுப்பு நிலக்கரியே நம் நினைவிற்கு வரும். அது நெடுங்காலம் மண்ணுக்கடியில் மறைந்து கிடந்த செல்வம். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் நீருக்காகக் குழாய்க் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதனைப் பிறருக்குக் காட்டி அதன் தன்மையை ஆராயச் செய்தார் அவர். அதன் பயனாகப் பின்னாளில் அங்குச் சுரங்கமும் நகரமும் எழுந்தன. மண்ணில் மட்டுமன்று, மக்களிடத்தும் இவ்வாறு செல்வம் மறைந்து கிடப்பதுண்டு. சிற்றூரில் வறுமைக்கு நடுவே பிறந்த ஒரு பெண்ணின் குரல் அத்தகைய செல்வமாகும். அவரே கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்.

கொங்கு நாட்டில் காவிரிக் கரையில் அமைந்த ஊர் கொடுமுடி. சுந்தரர் பாடிய தலமாகிய அவ்வூரில் 1908ஆம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் குடும்பம் வறுமையில் வாடியது. ஈரோட்டிலிருந்து கரூருக்குச் செல்லும் புகைவண்டி கொடுமுடி வழியாகவே செல்லும். சிறுமி சுந்தராம்பாள் புகைவண்டியில் பாடி, பயணிகள் தந்த காசைப் பெற்றுக் குடும்பத்திற்கு உதவினார். அவரிடம் அன்று முறையாகப் பெற்ற இசைப் பயிற்சி இல்லை. இருந்தது குரல் ஒன்றே. அக்குரலின் அருமையை உணர்ந்தோர் அவரை நாடக மேடைக்கு அழைத்து வந்தனர்.

அக்காலத்து நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லை. விடிய விடிய நடைபெறும் நாடகத்தில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் காதிலும் பாட்டு தெளிவாக விழவேண்டும். சிறுமியின் வெண்கலக் குரல் அச்சோதனையில் வென்றது. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக அவர் நடித்தார். பசியை நேரில் அறிந்த குழந்தை பாடிய பாட்டு அவையோரின் கண்களில் நீரை வரவழைத்ததில் வியப்பில்லை. இருபது வயது நிரம்புமுன்பே அவர் புகழ் தமிழகத்தைக் கடந்து இலங்கைக்கும் பரவியது.

1926ஆம் ஆண்டு இலங்கையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒரே மேடையில் நடித்தனர். கிட்டப்பாவும் இளமையிலேயே பெரும்புகழ் பெற்றவர். இருவரும் சேர்ந்து பாடிய வள்ளி திருமணம் மக்களின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. மறு ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். ஆயினும் இல்வாழ்க்கை இன்பமாக அமையவில்லை. கருத்து வேறுபாடு நேர்ந்து பிரிவும் உண்டாயிற்று. 1933ஆம் ஆண்டு இறுதியில் கிட்டப்பா தமது இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்தே. அன்று முதல் அவர் வெண்ணிற ஆடையே உடுத்தார். வேறு ஆடவருடன் இணைந்து காதல் நாடகங்களில் நடிப்பதில்லை என உறுதி பூண்டார்.

நடிப்பே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இவ்வுறுதி எளியதன்று. மேடைக்கதைகளுள் பெரும்பாலானவை காதற்கதைகளே. இனி அவர் எதைப் பாடுவார், எவ்வாறு நடிப்பார் என்று பலரும் ஐயுற்றனர். அதற்கு விடையாக வந்தது 1935ஆம் ஆண்டு வெளியான நந்தனார் திரைப்படம். அதற்காக அவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் அளிக்கப்பட்டது. அந்நாளில் அது எவரும் கேட்டிராத தொகை. புகைவண்டியில் காசு பெற்ற சிறுமி அடைந்த உயர்வு இது.

நந்தனார் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, தில்லைக் கூத்தனைக் காணத் துடித்த அடியார். அவர் நாடி நடந்த தில்லை, நெய்வேலிக்கு அருகிலுள்ள சிதம்பரமே. ஆண் வேடம் தாங்கி அவ்வடியாரின் ஏக்கத்தைச் சுந்தராம்பாள் தம் குரலில் வடித்தார். பின்னர் 1940இல் மணிமேகலையாகவும், 1953இல் ஔவையாராகவும், 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகவும் தோன்றினார். அடியாரும் துறவியரும் மூதாட்டியுமே அவர் ஏற்ற வேடங்கள். வழியை அடைக்கும் எனப் பிறர் எண்ணிய உறுதியே அவருக்குப் புதிய வழியைத் திறந்தது. ஔவையை நினைக்குந்தோறும் அவர் உருவமே தமிழர் கண்முன் தோன்றும் அளவிற்கு அவ்வேடம் நிலைத்துவிட்டது.

அவர் தம் குரலைக் கலைக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளவில்லை. நாட்டு விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுக் கதர் உடுத்தினார்; தீரர் சத்தியமூர்த்தி முதலியோருடன் மேடையேறித் தேசியப் பாடல்களைப் பாடினார். எழுத்தறியாத மக்களும் அப்பாட்டால் விடுதலை உணர்வு பெற்றனர். 1951ஆம் ஆண்டு சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். நம் நாட்டில் திரைப்படக் கலைஞர் ஒருவர் சட்டமன்றத்துள் நுழைந்தது அதுவே முதன்முறை என்பர். 1970இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இளமையில் புகழ் பெறுவோர் பலர். அப்புகழைத் தாங்கி நிற்போர் சிலரே. வறுமை வந்தபோது சுந்தராம்பாள் பாடினார்; செல்வம் வந்தபோதும் எளிமையை விட்டிலர்; துயர் வந்தபோது குரலைத் துறக்கவில்லை, அதனை உயர்ந்த பொருளுக்கு உரியதாக்கினார். நிலக்கரி வெளிப்பட்டால் மட்டும் போதாது. அது எரிந்து ஒளி தந்தால்தான் பயன். நம்முள் மறைந்துள்ள ஆற்றலும் அத்தகையதே. அதனைக் கண்டறிவதோடு அமையாது, பிறருக்குப் பயன்படச் செய்வதே நம் கடமையாகும்.