கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

நாஞ்சில் நாட்டு ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கிருஷ்ணனுக்கு வறுமையால் பள்ளிக்கல்வி நீடிக்கவில்லை. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர், வில்லுப்பாட்டிலும் மேடையிலும் தேர்ந்து, திரையுலகை அடைந்தார். துணைவியார் டி. ஏ. மதுரத்துடன் இணைந்து, எளியோர் மனம் நோகாத நகைச்சுவையை வளர்த்தார்.

புகழோங்கிய வேளையில் இடி விழுந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது, 1947இல் விடுதலையானார்.

சிறைவாசம் அவர் சிரிப்பைக் கசப்பாக்கவில்லை. ‘நல்லதம்பி’ (1949) படத்தில், நந்தனார் சரித்திரத்தை அடியொற்றிக் ‘கிந்தனார்’ காலட்சேபம் நிகழ்த்தினார். நந்தனார் நாடியது தில்லை. கிந்தனார் நாடியதோ பள்ளிக்கூடம். கற்கும் வாய்ப்பை இழந்தவரே கல்விக்காகப் பாடினார். தீண்டாமையின் கொடுமையைச் சிரித்தபடியே மக்கள் உணர்ந்தனர். ஈட்டியதை இல்லாதோர்க்கு வாரி வழங்கியவர், 1957இல் 48ஆம் அகவையில் மறைந்தார்.