எரியும் நரம்பு: யார் இந்த வியர் மிட்செல்?

குண்டு கையைத் துளைத்திருக்கும், காயமும் ஆறியிருக்கும். ஆனா எரிச்சல் மட்டும் நிற்காது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இப்படி நரம்பு சேதமான வீரர்களை பிலடெல்பியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் கவனித்தவர் டாக்டர் சைலஸ் வியர் மிட்செல் (1829-1914). எந்நேரமும் ஈரத்துணி சுற்றிய கைகள். பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்களும் உண்டு. காகிதம் சரசரத்தாலே வலி கூடுமாம்!

நடிக்கிறாங்க என்று துரத்திவிடுவது சுலபம். அவரோ தொடு உணர்வு எங்கே போச்சு, எந்தத் தசை அசையலை என்று ஒவ்வொருவரிடமும் சோதித்தார். மோர்ஹவுஸ், கீன் என்ற இரு டாக்டர்களுடன் சேர்ந்து 1864-ல் நூலாக்கினார். அந்த எரிவலிக்கு 'காசால்ஜியா' என்ற பெயர் பிறகு வந்தது. வெட்டியெடுத்த காலிலும் வலிக்குதே, அதற்கு 'மாய உறுப்பு' என்று 1871-ல் பெயரிட்டதும் இவர்தான்.

பின்னாளில் பெண்களைப் படுக்கையில் முடக்கிய இவரது 'ஓய்வு சிகிச்சை' கெட்ட பேரையும் வாங்கித் தந்தது.